கல்வண்டிக்கு முதல் வழி

காலை ஆறு மணிக்கு ஸ்டேஷன் மாஸ்டர் டோக்கன் பெட்டியின் குமிழை அழுத்தினார். அழுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மணி அடிக்கவில்லை, தொலைபேசி ஒலிக்கவில்லை. பதினொரு வருடமாக அப்படித்தான் நடக்கிறது. ஆறு அடித்ததும் இவர் இங்கே அழுத்துவார். பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, மலைமேல் இருக்கும் சுரங்க ஸ்டேஷனின் மாஸ்டர் அங்கே தன் பெட்டியிலிருந்து ஓர் இரும்புப் பந்தை எடுத்துக்கொள்வார். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பந்துதான் டோக்கன். பந்து யார் வண்டியில் இருக்கிறதோ பாதை அவருக்கு. ஒற்றைத் தண்டவாளம் என்பதால் ஒரு பந்து வெளியே வந்துவிட்டால், அது திரும்பவும் ஏதாவதொரு பெட்டிக்குள் விழும்வரை இன்னொன்று வராது. தலைகீழாக நின்றாலும் வராது.

முறைப்படி மேலே இருப்பவர் மணியடித்துக் கேட்க வேண்டும். இவர் பாதையை யோசித்து, பிறகு கொடுக்க வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. ஆனால் தாது ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு இறங்கும் வண்டியை இந்தப் பாதையில் யாரும் கேட்க வைத்ததில்லை. ஜனங்கள் அதைக் கல்வண்டி என்பார்கள். துரைமார் இந்தத் தண்டவாளத்தைப் போட்டதே அதற்காகத்தான். கல்லை இறக்கக் கப்பல் வரைக்கும் ஒரு கோடு கிழித்தார்கள், அந்தக் கோடுதான் இன்றைக்கும் நாட்டின் ஒரே ரயில்பாதை. பாசஞ்சர் வண்டி என்பது பின்னால் சேர்த்த ஒட்டுத்துணி.

மாஸ்டரின் அப்பா இதே பாதையில், தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். ஒரு நாள் தண்டவாளத்தில் ஒரு கிழவர் கால் இடறி விழுந்துவிட்டாரென்று, அவரைத் தூக்கி ஓரத்தில் உட்கார வைக்கும்வரை கைகாட்டியை இறக்காமல், வண்டிக்கு வழி கொடுக்காமல் விட்டார். கல்வண்டி ஏழு நிமிடம் நின்றது. மறுவாரம், கல்வண்டியைத் தாமதப்படுத்தக் கூடாது என்ற விதி அறுபத்தொன்றின்படி ஓர் அச்சிட்ட படிவம் வந்தது. வேலை போயிற்று. அம்மா அந்தப் படிவத்தை டிரங்குப் பெட்டியில் கடைசிவரை வைத்திருந்தாள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை கேட்பதற்கு முன்பே குமிழை அழுத்தக் கற்றுக்கொண்டதில் என்ன ஆச்சரியம்? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

அன்று மட்டும் அவர் கை ஒரு கணம் தயங்கத்தான் செய்தது. நாலரை மணியிலிருந்து வானொலியில் பாட்டு இல்லை, செய்தி இல்லை, பேண்டு வாத்தியம் மட்டும். அடுப்படியில் இருப்பவர்களுக்குக்கூட அதன் அர்த்தம் தெரியும்: அரசாங்கம் மாறுகிறது. ஒன்பது வருடத்தில் நாலாவது தடவை. மாஸ்டர் சுவரில் இருந்த தலைவரின் படத்தைப் பார்த்தார். படங்கள் வரும், போகும்; ஆணி மட்டும் துரைமார் காலத்து ஆணி. இன்று வண்டி ஓடுமா ஓடாதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அழுத்தலாம் என்று நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் விரல் அழுத்திவிட்டது.

ஏழு நாற்பதுக்குத் துறைமுகத்திலிருந்து பாசஞ்சர் வந்து, லூப் என்கிற ஒதுங்கு தண்டவாளத்தில் நின்றது. அதிலிருந்து அவருடைய தங்கை இறங்கி நேராக அலுவலக அறைக்குள் வந்தாள். சுரங்க ஊர் மருத்துவமனையில் அவள் நர்ஸ். மலைக்காரனைக் கட்டிக்கொண்டதற்காகச் சொந்தக்காரர்கள் மூன்று வருடம் பேசாமல் இருந்த தங்கை. தோளில் ஒரு நீலப் பெட்டி தொங்கியது. அதை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

மேலே தொழிலாளர் குடியிருப்பில் தட்டம்மை. பத்து நாளில் நாற்பது பிள்ளைகள் படுத்துவிட்டன, மூன்று இறந்துவிட்டன. மருத்துவமனையில் தடுப்பூசி ஒரு சொட்டு இல்லை. அவளே துறைமுகக் கிடங்குக்குப் போய் இரண்டு நாள் வாசலில் நின்று, முந்நூறு பிள்ளைகளுக்கு ஆகும் மருந்தை வாங்கி, ஐஸ் அடைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். ஐஸ் மத்தியானம் இரண்டு மணிவரை தாங்கும். அதற்குமேல் மருந்து வெறும் தண்ணீர். அவளுடைய சொந்தப் பெண்ணுக்கு ஒன்பது மாதம். இன்னும் ஊசி போடவில்லை.

"எப்ப கிளம்பும்ணா?"

"கல்வண்டி எறங்கிடட்டும். எட்டரைக்கு வந்துடும். ஒன்பதுக்கு உன் வண்டி."

எட்டரைக்குக் கல்வண்டி வரவில்லை. ஒன்பதுக்கும் வரவில்லை. மாஸ்டர் சுரங்க ஸ்டேஷனைக் கூப்பிட்டார். மேலே இருப்பவரும் மாஸ்டர்தான். பதினொரு வருடமாகத் தினமும் பேசுகிறார்கள், முகம் பார்த்ததில்லை. இவர் அவரை 'மேல் மாஸ்டர்' என்பார், அவர் இவரைக் 'கீழ் மாஸ்டர்' என்பார். அவர் மலை ஆள், இவர் துறைமுகத்து ஆள். துரைமார் துறைமுகத்து ஆட்களுக்குப் பேனாவையும் மலை ஆட்களுக்குத் துப்பாக்கியையும் கொடுத்து, ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகத்தையும் மூட்டிவிட்டுத்தான் கப்பலேறினார்கள். அன்றிலிருந்து பேனாக்காரர் கொஞ்ச நாள், துப்பாக்கிக்காரர் கொஞ்ச நாள் என்று நாற்காலி மாறுகிறது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடி சுரங்கக் கம்பெனி. அது மட்டும் எந்த வருடமும் மாறவில்லை.

மேல் மாஸ்டர் தாழ்ந்த குரலில் பேசினார். துறைமுக வாசலைப் பட்டாளம் பூட்டிவிட்டதாம். யார் ஜெயித்தார் என்று தெரிந்து, ஜெயித்தவர் சுரங்கக் குத்தகையில் கையெழுத்துப் போடும்வரை கல்வண்டியை நகர்த்த வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டதாம். அப்படியானால் பந்தைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டுவிடலாமே, பாசஞ்சராவது போகட்டும் என்றார் இவர்.

"போடலாம். ஆனா பந்து என்கிட்ட இல்ல மாஸ்டர். கம்பெனி ஆபீசர் மடியில வெச்சிக்கிட்டு எதிர்ல உக்காந்திருக்காரு. திரும்ப வெச்சா, அடுத்த அரசாங்கம் எப்ப குடுக்குமோன்னு பயம் அவருக்கு. கையில இருக்கறத எதுக்கு விடணும்ங்கறாரு."

ஆக, ஓடாத ஒரு வண்டிக்காக முழுப் பாதையும் பூட்டிக் கிடந்தது. எரிச்சல் வருமா வராதா?

பத்து மணிக்குள் பாசஞ்சர் முழுதும் இறங்கிப் பிளாட்பாரத்தில் நின்றது. குழாயில் தண்ணீர் தீர்ந்தது. அவரவர் வாயில் வந்த காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பள்ளி வாத்தியார் ஒருவர், நம்மிடமிருந்து கல் போகிறது, கப்பலில் மண்வெட்டியாகத் திரும்பி வருகிறது, நடுவில் நாம் வாங்கிக்கொண்டது தூசி மட்டும் என்றார். தையல்காரர், அதெல்லாம் இல்லை, நம் ஆட்கள் திருடர்கள், அவ்வளவுதான் என்றார். திருடக் கற்றுக்கொடுத்தது யார் என்று வாத்தியார் கேட்க, ஐம்பது வருஷமாகவா பாடம் நடக்கிறது, இன்னுமா பாஸாகவில்லை என்று தையல்காரர் திருப்பிக் கேட்டார். சிரித்தவர்களும் உட்காரவில்லை. ஒருவராலும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்கள்.

சாலைவழியாகப் போகலாமே என்று யாராவது கேட்கக்கூடும். சாலை ஆறு கிலோமீட்டரில் ஆற்றங்கரையில் முடிந்துவிடும். அங்கே பாலம் இல்லை. பாலத்துக்கான அடிக்கல் மட்டும் மூன்று இருக்கின்றன, அரசாங்கத்துக்கு ஒன்றாக. துணி துவைக்க நல்ல வசதி. மழை பெய்து ஆறு நிரம்பியிருந்ததால் படகும் விடமாட்டார்கள். ஆற்றைத் தாண்டும் ஒரே பாலம் ரயில்பாலம். கல் போவதற்குக் கட்டியது.

தங்கை அரைமணிக்கு ஒரு தடவை பெட்டியின் மூடியில் கையை வைத்துப் பார்த்தாள். திறக்கவில்லை, திறந்தால் குளிர் போய்விடும். பதினொன்றுக்கு எழுந்து அண்ணன் முன்னால் வந்து நின்றாள்.

"காலைல ரேடியோல பேண்டு வாசிச்சது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் எதுக்குக் கல்வண்டிக்கு வழி குடுத்த?"

மாஸ்டர் டோக்கன் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரு கேட்டாங்க?"

"யாரும் கேக்கலம்மா."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். அண்ணனின் விரலை ஒரு தரம் பார்த்தாள், பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டாள், "நான் நடந்து போறேன்" என்று வாசலுக்குப் போனாள். பதினெட்டு கிலோமீட்டர் ஏற்றம். இரண்டு மணிக்குள் நடந்து சேர முடியாது என்பது இருவருக்கும் தெரியும். மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். துரைமாரைத் திட்டலாம், கம்பெனியைத் திட்டலாம், பட்டாளத்தைத் திட்டலாம், திட்டியும் இருக்கிறார். ஆனால் ஆறு மணிக்குக் குமிழை அழுத்தியது அவர்களில் யாரும் இல்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டால் யாரைத் திட்டுவது?

"நில்லு," என்றார். "டிராலி இருக்கு."

தண்டவாளம் பார்க்கும் ஆட்கள் தள்ளிப்போகும் நாலு சக்கரப் பலகை அது. நாலு பேர் மாற்றி மாற்றித் தள்ளினால் இரண்டரை மணி நேரத்தில் மேலே சேரலாம். ஆனால் பந்து எதிர்ப்பக்கம் வெளியே இருக்கும்போது பாதையில் டிராலி விடுவது தற்கொலை. பாலத்திலாவது ஒதுங்குவதற்கு நாலு மேடை உண்டு. பாலம் தாண்டியதும் மலையை வெட்டிப் போட்ட பாதை. இரண்டு பக்கமும் பாறை, வளைவுக்கு மேல் வளைவு. நாற்பது பெட்டி கல்லோடு இறங்கும் வண்டி அங்கே நிற்காது, நிற்கவும் முடியாது.

மாஸ்டர் மேலே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"எங்க குடியிருப்புல மூணாவதா போன பிள்ளை எங்க பக்கத்து வீடு," என்றார் மேல் மாஸ்டர். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "பந்து அவர் கையில இருக்கு. கைகாட்டி என் கையில. டிராலி வர்ற வரைக்கும் எறக்க மாட்டேன். அனுப்புங்க."

தண்டவாள ஆட்களின் மேஸ்திரிக்குத் தயக்கம். மலைக்காரன் பேச்சை நம்பி ஐந்து உயிரை எப்படி ஐயா அனுப்புவது என்றார். பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் நேரம் தப்பிச் சொன்னதில்லை என்றார் மாஸ்டர். அதைத் தவிர அவரைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்பதைச் சொல்லும்போதுதான் உணர்ந்தார். மேஸ்திரி தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். பதினொன்று இருபதுக்கு டிராலி கிளம்பியது. தங்கை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்பலகையில் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மாஸ்டர் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதுதான் கொடுமை. கடிகாரத்தைப் பார்ப்பார், வாசலுக்கு வருவார், உள்ளே போவார். பன்னிரண்டரைக்குப் பாலத்தில் ஏறியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டார். பன்னிரண்டே முக்காலுக்குத் தாண்டியிருப்பார்கள். ஒரு மணிக்கு வெட்டுப்பாதைக்குள் இருப்பார்கள்.

ஒன்று ஐந்துக்கு வானொலியில் பேண்டு நின்றது. புதுக் குரல் ஒன்று, நாட்டைக் காப்பாற்றிவிட்டதாகச் சொன்னது. முதல் அறிவிப்பு: தாது ஏற்றுமதி தடையின்றி நடைபெறும். போன மூன்று பேரின் முதல் அறிவிப்பும் அதுவேதான். ஒரு வார்த்தை மாறவில்லை.

ஒன்று பத்துக்குத் துறைமுகக் கன்ட்ரோலிலிருந்து தொலைபேசி. வாசல் திறந்தாகிவிட்டது, கப்பல் காத்திருக்கிறது, கல்வண்டி உடனே கிளம்புகிறது, பாதை தயாரா என்றார்கள். பாதையில் டிராலி இருக்கிறது, ஐந்து பேர் இருக்கிறார்கள் என்றார் மாஸ்டர். யார் அனுமதியில் என்று கேட்டார்கள். "என் அனுமதியில" என்றார். அந்தப் பக்கம் தொலைபேசியை வைத்துவிட்டார்கள்.

உடனே மேலே சுற்றினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஏழாவது மணிக்கு எடுத்தார்கள்.

"கைகாட்டிக் கம்பி அறுந்துடுச்சுன்னு சொல்லிட்டேன் மாஸ்டர்," என்றார் மேல் மாஸ்டர். பின்னால் யாரோ அதட்டும் சத்தம். "கம்பி அறுந்தா, எழுத்துல அனுமதி குடுக்கணும், தெரியுமில்ல? மூணு பிரதி. எழுதிட்டிருக்கேன். கையெழுத்து நல்லா இருக்கணும்னு சின்ன வயசுல வாத்தியார் அடிச்சே சொல்லிக் குடுத்திருக்காரு."

"எவ்வளவு நேரம்?"

"எழுத்து எவ்வளவு நேரம் பிடிக்குதோ அவ்வளவு நேரம்."

வைத்துவிட்டார். மாஸ்டர் தொலைபேசியை விட்டு நகரவில்லை. ஒன்று இருபது. ஒன்று முப்பது. நடக்க ஆரம்பித்தால் மணிச்சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாத்தியாரும் தையல்காரரும் சண்டையை நிறுத்திவிட்டு ஜன்னலருகே வந்து நின்றார்கள். வண்டி கிளம்பினால் பெட்டி மணி இரண்டு தட்டு தட்டும். அந்த இரண்டு தட்டு வரக்கூடாது என்று இத்தனை பேர் வேண்டிக்கொண்ட நாள் அந்தப் பாதையின் சரித்திரத்திலேயே இருந்திருக்காது.

ஒன்று நாற்பத்தேழுக்குத் தொலைபேசிதான் ஒலித்தது.

"அண்ணா," என்றாள் தங்கை. மூச்சு வாங்கியது. "குப்பி மேல ஒரு கட்டம் போட்டிருக்கும். மருந்து கெட்டுப்போனா கறுத்துடும். பாத்துட்டேன். இன்னும் வெளுப்பாதான் இருக்கு. எல்லாமே."

மாஸ்டருக்கு அழுகை வந்தது. ஜன்னலருகே நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள்தான். அடுத்த நிமிடம் பெட்டி மணி இரண்டு தட்டு தட்டியது. கல்வண்டி கிளம்பிவிட்டது.

எட்டாம் நாள் படிவம் வந்தது. விதி அறுபத்தொன்று. கல்வண்டி தாமதம் முப்பத்தேழு நிமிடம். ஏன் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். காலையில் வண்டி தானாகவே ஐந்து மணி நேரம் நின்றதே, அது யார் கணக்கு என்று அதில் ஒரு வரியும் இல்லை. மாஸ்டர் வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து அப்பாவின் படிவத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே தாள் அளவு, அதே கட்டங்கள், அதே வரிகள். தலைப்பில் துரைமார் முத்திரை இருந்த இடத்தில் புது முத்திரை, அவ்வளவுதான்.

இவருக்காவது பதினைந்து நாள் கொடுத்தார்கள். மேல் மாஸ்டருக்கு அதுவும் இல்லை. கம்பி அறுபடவில்லை என்று சோதித்துப் பார்த்துவிட்டு அன்று சாயங்காலமே பட்டாள வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். ஏற்றியவர்களும் மலை ஆட்கள்தான். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வீட்டாருக்கும் தெரியவில்லை. அவர் பார்க்க எப்படி இருந்தார் என்று மாஸ்டர் தங்கையிடம் தொலைபேசியில் கேட்டார்.

"குட்டையா, கண்ணாடி போட்டுட்டு," என்றாள். "கை நடுங்கிட்டே இருந்துச்சுண்ணா. ஆனா எழுத்து முத்து முத்தா இருந்துச்சு."

படிவம் வந்த மறுநாள் காலை ஆறு அடித்தது. மாஸ்டர் டோக்கன் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். விரல் துடித்தது, துடிக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஆறு ஐந்துக்கு மேலிருந்து தொலைபேசி வந்தது. அன்றுதான் வேலையேற்ற புது மாஸ்டர், இளவயதுக் குரல். ஆறு மணிக்குத் தானாகவே கொடுத்துவிடுவீர்கள் என்று சொன்னார்களே என்றான்.

"கல்வண்டி கிளம்பத் தயாரா?"

"இல்ல சார், இன்னும் ஏத்திட்டிருக்காங்க. எட்டு மணி ஆகும்."

"அப்ப எட்டு மணிக்குக் கேளுங்க."

ஏழு நாற்பதுக்குப் பாசஞ்சர் வந்தது. மாஸ்டர் அதை லூப்பில் விடவில்லை, கல்வண்டி போகும் முதல் பாதையில் நிறுத்தினார். பிறகு, பதினொரு வருடத்தில் முதல் தடவையாக, கல்வண்டிக்கு முன்பே பாசஞ்சருக்கு வழி வேண்டுமென்று மேலே மணியடித்துத் தானே கேட்டார்.

"சார், கல்வண்டி இன்னும் இருபது நிமிஷத்துல ரெடி," என்றான் புது மாஸ்டர். குரலில் பயம் தெரிந்தது. "விதி அறுபத்தொன்னு இருக்கே சார்."

"இருக்கு. எங்க வீட்டுல ரெண்டு பிரதி இருக்கு," என்றார் மாஸ்டர். "பாசஞ்சர் நிக்குது, கேக்கறேன். குடுங்க தம்பி."

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பெட்டிக்குள் உருளும் சத்தம் கேட்டு, பந்து அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது. சில்லென்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நடந்து போய் டிரைவரிடம் தானே கொடுத்தார். வண்டி கிளம்பி வளைவில் மறையும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்து, ரிஜிஸ்தரைத் திறந்தார். கல்வண்டி தாமதம் என்ற கட்டத்தில் நாற்பத்தைந்து நிமிடம் என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை உதறி, அவசரப்படாமல், முத்து முத்தாக எழுதினார்: மனிதர்கள் போனார்கள்.